கொடுமணலும் ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லும்

இங்கிலீஷில் "சப்ஸ்டேன்ஷியேட்" என்று ஒரு வினைச்சொல் உண்டு. பலரும் அதை "நிரூபி" என்றே மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் "நிரூபி" என்பது "ப்ரூவ்" என்ற சொல்லுக்குத்தான் சரியாக வரும். இது அவ்வளவு தூரம் போகாது, சொன்னதற்கு ஆதாரம் காட்டி வலுச் சேர்ப்பதோடு சரி. ஆடிட்டிங் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கணக்கில் போட்ட என்ட்ரிக்கு வவுச்சர் காட்டுவது! வவுச்சர் இருப்பதாலேயே என்ட்ரி சரியாகிவிடாது. ஆனால் அது இல்லாவிட்டால் ஆடிட்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டார்.

இதற்கு நம்ம கொங்கு நாட்டிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது.

பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற ஊர் இரண்டு இடத்தில் வருகிறது. 67-ஆம் பாட்டில் கபிலரும், 74-ஆம் பாட்டில் அரிசில் கிழாரும் அந்த ஊர் அணிகலன்களைப் பற்றிப் பாடுகிறார்கள். உ.வே.சா. அந்த நூலை 1904-இல் பதிப்பித்தார். சரி, பரிசில் வாங்கப் போன புலவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்று யாராவது கேட்டால்?

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். அங்கே 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது. எ.சுப்பராயலு, கா.ராஜன் ஆகியோர் முன்னின்று செய்த வேலை. வெறும் மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் "வெளியூரில் வாங்கியது" என்று சொல்லிவிடலாம். ஆனால் கிடைத்ததோ செதுக்காத கல், பாதி தேய்த்த கல், துளை போடும்போது உடைந்த கல், மெருகேற்றிய மணி என்று எல்லாக் கட்டமும்! அப்படியென்றால் பட்டறையே அங்கேதான் இருந்திருக்கிறது. பெரில் கல் கிடைக்கும் படியூர், காங்கேயம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே ஈமக்குழியில் 2220 சூதுபவள மணிகள் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலை, தமிழ் பிராமியில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள் என்று பட்டியல் இன்னும் நீளும்.

கொடுமணம்தான் கொடுமணல் என்று ஆய்வாளர்கள் சொல்வது பெயர், இடம், தொழில் மூன்றும் ஒத்துப்போவதால். சேர மன்னன் புலவர் கையில் என்ன கொடுத்தான் என்று எந்தக் குழியும் சொல்லவில்லை. ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

2012-இலும் 2013-இலும் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகமும், அதற்குப் பிறகு தமிழகத் தொல்லியல் துறையும் அங்கே தோண்டின. அந்தப் பழைய ஊரில் பெரும்பகுதி இன்னும் விவசாய நிலத்துக்கு அடியில் கிடக்கிறது.