அச்சமும் கூலியும்: சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் உணர்ச்சி, ஊக்கக் கோட்பாடுகளின் பொருத்தம்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை விபத்து நேரும்போதெல்லாம், வெடிமருந்தோடு பழகிப் பழகித் தொழிலாளருக்குப் பயம் விட்டுப்போயிற்று, அந்த மெத்தனமே காரணம் என்னும் விளக்கம் எழுகிறது. இதன் முற்பகுதிக்கு உளவியலில் ஆதாரம் உண்டு. அதிலிருந்து பெறப்படும் முடிவோ பிழையானது, உயிரிழந்தோர் மீதே பழியை ஏற்றுவதால் அநீதியானதும் ஆகும்.

உடலில் தோன்றும் மாற்றங்களை உணர்வதே உணர்ச்சி என்று வில்லியம் ஜேம்ஸ் 1884இல் வாதிட்டதும், அதை வால்டர் கேனன் 1927இல் மறுத்ததும் ஒரு கணத்து அச்சத்தைப் பற்றியவை. நாள்தோறும் திரும்ப வரும் அச்சத்தை விளக்க, சாலமனும் கார்பிட்டும் 1974இல் முன்வைத்த எதிர்ச்செயற்பாட்டுக் கோட்பாடே இங்கு உதவுகிறது. ஒவ்வோர் உணர்ச்சியும் தன்னைத் தணிக்கும் எதிர்விசை ஒன்றையும் எழுப்புகிறது. தூண்டல் திரும்பத் திரும்ப நிகழ நிகழ அவ்வெதிர்விசை வலுப்பெறுவதால், வான்குடை வீரரின் முதல் குதிப்பில் இருந்த பேரச்சம் பிற்காலக் குதிப்புகளில் இருப்பதில்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த மருந்தைப் பட்டாசுக் குழல்களில் ஆண்டுக்கணக்கில் செலுத்துபவரின் அச்சம் தேய்வதும் இத்தகையதே. அது ஒழுக்கக் குறைபாடு அன்று. அச்சம் குறையாமல் மருந்து செலுத்தும் அறையில் எவராலும் நாள் முழுதும் அமர்ந்திருக்க இயலாது.

எனினும் அச்சம் முற்றும் அற்றுவிடுவதில்லை. அதன் பொருள் மாறுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்தது, அச்சம் எப்போதும் ஏதேனும் ஒன்றைப் பற்றியது என்பதைக் காட்டுகிறது. ஒருவர் தம் நிலைமையை மதிப்பிடும் விதமே உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்னும் ரிச்சர்டு லாசரஸின் கொள்கையும் இதற்கு அணுக்கமானது. ஆலையில் முன்பணம் வாங்கியவருக்கு, வாராத வெடிப்பைவிட வாரக் கடைசியில் குறையும் கூலி நெருங்கிய அச்சமாகிறது.

ஊக்கக் கோட்பாடு இவ்விடத்தில் இன்றியமையாததாகிறது. முயற்சி பலன் தரும் என்னும் எதிர்பார்ப்பும் அப்பலனுக்கு ஒருவர் தரும் மதிப்பும் சேர்ந்தே ஊக்கத்தை உருவாக்குகின்றன என்றார் விக்டர் வ்ரூம் (1964). எண்ணிக்கைக்குக் கூலி தரும் முறையில், கூடுதலாகச் செலுத்தப்படும் ஒவ்வொரு குழலும் உறுதியான வரவு. விபத்தோ, அன்றைய தினத்தைப் பொறுத்தவரை, நிகழாமல் போகவே வாய்ப்பு மிகுதி. ஆதலின் வேகத்தைத் தூண்டுவது தொழிலாளியின் மனப்போக்கு என்பதைவிடக் கூலியின் அமைப்பே என்பது பொருந்தும்.

கூலி மட்டுமன்றி, பிறர் மீதான பற்றும் அச்சத்தை மீறச் செய்கிறது. 05.09.2012 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நிகழ்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; முதல் வெடிப்புக்குப் பின் உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களில் இருந்தனர். உதவ வந்தோரைத் தீயின் பக்கம் செலுத்தியது அச்சமின்மை அன்று, உற்றாரையும் ஊராரையும் பற்றிய தவிப்பு. அச்சத்தை மட்டும் ஊட்டும் எச்சரிக்கைப் பலகைகள் இத்தவிப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

எனவே பாதுகாப்பைத் தொழிலாளியின் அச்சத்தின் மீது கட்டுவதற்கு மாறாக, மருந்து கலக்கும், செலுத்தும் பணிகளுக்கேனும் நாட்கூலி வழங்குவதும், ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்னும் வரம்பு மீறப்படும்போது போர்மேன் வேலையை நிறுத்தினால் எவருடைய அன்றைய கூலியும் குறையாதபடி விதி செய்வதும் உளவியல் அடிப்படையில் வலுவான ஏற்பாடுகளாகும்.