வகுப்பும் பொருளும்: ஒரு கருத்தின் தோற்றம்

கணனிச் செய்நிரலாக்கம் கற்கப் புகுவோர் பலர் வகுப்பு, பொருள் என்னும் இரண்டினையும் ஒன்றென மயங்குவர். அவ்வேறுபாடு தோன்றிய வரலாறே அம்மயக்கத்தைத் தீர்க்க வல்லது.

1960களின் முற்பகுதியில், ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோஹான் டால் ஆகிய இருவரும், வாடிக்கையாளர் வரிசையிற் காத்திருந்து சேவை பெறும் அமைப்புகளைக் கணனியிற் பாவனை செய்து ஆராய முற்பட்டனர். வாடிக்கையாளர் ஆயிரவராயினும் அவர்தம் நடத்தைக்குரிய விதி ஒன்றே. எனவே விதியை ஒருமுறை வரைந்து, அதன்வழி வேண்டிய அளவு உருக்களை ஆக்குதல் அவசியமாயிற்று. அவர்களின் முதல் சிமுலா மொழியில் விதிக்கும் உருவுக்கும் வெவ்வேறு பெயர்கள் இருந்தன. 1967இல் உருவான சிமுலா 67 மொழியில் அவை வகுப்பு, பொருள் என்றாயின.

வகுப்பு ஒன்று; அதன்வழிப் பிறக்கும் பொருள்களோ பல. ஒருவர் சேவை பெற்று வெளியேறுகையில் மற்றவர் வரிசையில் நிற்பார். ஒவ்வொரு பொருளும் தன் நிலையைத் தானே தாங்கி நிற்றலின், விதி பொதுவாயினும் நிலை வேறாகும்.

2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. 2002இல் இருவரும் மறைந்தனர். பொதுமையையும் தனிமையையும் பிரித்தறிதல் மெய்யியலார்க்குப் பழைய பணியே. அதனைப் பொறியும் கைக்கொள்ளத்தக்கதாக ஆக்கியதே இவர்களின் சாதனை எனலாம். இன்று வெறும் வரைவிலக்கணமாக மனனஞ் செய்யப்படும் இக்கருத்து, காத்திருக்கும் மனிதரை விளங்கிக்கொள்ளும் முயற்சியிற் பிறந்தது என்பது மறக்கற்பாலதன்று.