வெட்டும் ஒட்டும்: ஒரு கல்வியின் வரலாறு

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்றொரு பகுதி உண்டு. பெயரோ ஆங்கிலம், அதனை நாள்தோறும் நாவில் வழங்குவோரில் பலர் தமிழர். சாம்பியன் ரீஃப், ராபர்ட்சன்பேட்டை, மாரிகுப்பம் என அந்நகரின் பெயர்கள் பல மொழிகளுக்கு உரியனவாய் அருகருகே நிற்கின்றன. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் உழைப்பாளிகள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை பாறையைக் குடைந்து பொன் எடுத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மட்டும் குன்று குன்றாக இன்றும் நிற்கின்றது.

அம்மண் குன்றுகள் பின்னர்த் திரையேறின. 2018 டிசம்பரில் வெளிவந்த 'கே.ஜி.எஃப்.' என்னும் கன்னடப் படத்தின் காட்சிகள் பல அங்கே எடுக்கப்பட்டவை. சிறந்த காட்சி விளைவுகளுக்கான தேசிய விருதை அப்படம் ஒரு தெலுங்குப் படத்துடன் பகிர்ந்துகொண்டது. 2022-இல் வந்த இரண்டாம் பாகத்தின் படத்தொகுப்பாளர் உஜ்வல் குல்கர்ணி. இருபது வயதை ஒட்டிய இளைஞர். குறும்படங்களையும், தாம் விரும்பிய படங்களின் துண்டுகளைத் தம் போக்கில் வெட்டி ஒட்டிய காணொளிகளையும் செய்து பழகியவர் என்று செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதின. தம் ஊர் திரையில் உருமாறுவதைத் தங்கவயலின் பிள்ளைகள் கண்டனர். அவ்வாறு உருமாற்றும் தொழிலை அவர்களுள் ஒருவன் எங்கே கற்பது? இவ்வினாவுக்கு விடை காண, அத்தொழில் கற்பிக்கப்பட்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தொலைவிலிருந்து திரைத்தொழில் கற்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. தாதாசாகேப் பால்கே புத்தகங்களையும் இலண்டனிலிருந்து வந்த 'பயாஸ்கோப்' என்னும் வார இதழையும் படித்தே இத்தொழிலில் நுழைந்தார். 1912-இல் இலண்டன் சென்று சில நாள் நேரிற் கண்டு தேர்ந்தார். ஒரு பயறுச் செடி முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்துப் பழகினார். 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்டார். தமிழகத்தின் நடராஜ முதலியாரோ, புனேயில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேட்டுப் பயின்று, அதன் பின்னரே 'கீசக வதம்' எடுத்தார். ஒருவருக்கு ஏடு ஆசான். மற்றவருக்கு ஆள் ஆசான். இவ்விரு வழிகளும் அன்று தொட்டே உள்ளன.

மூன்றாவது வழி ஒன்றினை ருஷ்ய நாடு காட்டியது. 1919-இல் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி தோன்றிய போது படச்சுருளுக்குப் பெரும் பஞ்சம். குலெஷோவ் என்னும் ஆசிரியர், பிறர் எடுத்த படங்களையே மாணவரைக் கொண்டு ஆராயவும் வெட்டி ஒட்டவும் செய்தார். ஒரே முகத்தைக் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன் வைத்தால் பசி தெரிகிறது; சவப்பெட்டிக்கு முன் வைத்தால் துயரம் தெரிகிறது; முகம் மாறவில்லை, அடுத்து வருவதே மாறியது என்னும் பாடம் அப்பட்டறையிற் பிறந்ததாகும். பணமும் கருவியும் இல்லாத இளைஞர் இன்று பிறர் படத்துண்டுகளை வெட்டிப் பழகுவதை வெறும் விளையாட்டென்று எள்ளுவோர், இப்பழங்கதையை நினைத்தல் நலம்.

சென்னையில் ஸ்டூடியோக்கள் ஓங்கிய காலத்தில் தொகுப்பறை ஒரு குருகுலமாகவே இருந்தது. சுருளை எடுத்துக் கொடுப்பது, துண்டுகளுக்கு எண்ணிடுவது, வெட்டிய முனைகளை ஒட்டுவது எனப் பல்லாண்டு உழைத்த பின்னரே உதவியாளன் ஒருவனுக்குக் கத்தரி கைக்கு வரும். தந்திரக் காட்சிகளோ இன்னும் மறைவானவை. 1957-இல் வந்த 'மாயாபஜார்' படத்தில் துவாரகை நகரைச் சிற்றுருவிற் கட்டினர். மார்க்கஸ் பார்ட்லி தம் ஒளிப்பதிவால் நிலவொளியைப் படைத்துக் காட்டினார். மக்கள் வியந்தனர், எவ்வாறு செய்தனர் என்பதோ அத்தொழிலில் இருந்தோர்க்கு மட்டுமே தெரிந்தது. சென்னையில் 1945-இலும் புனேயில் 1960-இலும் அரசினர் பயிற்சிக்கழகங்கள் எழுந்தன. அவற்றின் தொண்டு பெரிது. ஆயினும் இடங்கள் சிலவே, நாடியோர் பலர்.

பின்னர்க் கணிப்பொறி வந்தது. 1994-இல் வெளிவந்த 'மகாநதி' ஆவிட் என்னும் கணினித் தொகுப்பு முறையை நம் நாட்டிற் கைக்கொண்ட முன்னோடிப் படங்களுள் ஒன்று. அதே ஆண்டின் 'காதலன்' படக் காட்சி விளைவுகளுக்காக வெங்கி தேசிய விருது பெற்றார். ஆனால் அந்நாளைய கருவிகளின் விலை எளியோரை எட்டவிடவில்லை. கத்தரி இருந்த அறையின் கதவு திறந்தது போலத் தோன்றினும், வாயிலில் விலை நின்றது.

அவ்விலையைத் தகர்த்த நிகழ்ச்சி 2002-இல் நடந்தது. பிளெண்டர் என்னும் முப்பரிமாண உருவாக்க மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, டோன் ரோசண்டால் என்பவர் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி, அதனை யாவருக்கும் உரிய கட்டற்ற மென்பொருளாக்கினார். 2005-இல் யூடியூப் தொடங்கியது. அக்காலத்திலேயே ஆண்ட்ரூ கிரேமர் போன்றோர் தாம் செய்யும் விளைவுகளைப் படிப்படியாகத் திரையிற் செய்து காட்டி இணையத்தில் வைத்தனர். கருவியும் பாடமும் இலவசமாயின. பிளெண்டரைக் கொண்டே செய்த 'ஃப்ளோ' என்னும் லாத்வியப் படம் 2025-இல் சிறந்த முழுநீள அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

இனித் தடையாக நிற்பது மொழியே. நாம் மொழிபெயர்ப்பைப் பணியாகக் கொண்டவராதலின், இது நம் நெஞ்சைத் தொடுகிறது. சிறந்த பாடங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இதற்கொரு வழி கண்டது. பத்து நிமிட அளவிலான பாடம். திரையில் தோன்றும் ஆங்கிலக் கட்டளைகள் மாறா. விளக்கும் குரல் மட்டும் தமிழ் முதலிய இந்திய மொழிகளில் ஒலிக்கும். கற்போன் கேட்டுக்கொண்டே தன் கணினியிற் செய்து பார்ப்பான். செவிவழிக் கல்வியின் வலிமையை வானொலி நேயர்களாகிய தங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சொல்லுக்குச் சொல் தமிழாக்கம் வேண்டுமெனச் சிலர் வற்புறுத்துவர். ஸ்கெலட்டன் மக்களைக் காண்க. ஆங்கிலப் பெயர் தம் ஊரில் நிற்பதால் அவர்கள் தமிழை இழந்துவிடவில்லை. 'ரெண்டர்' என்னும் சொல் நின்றால் குற்றமில்லை. ரெண்டர் செய்வதாவது யாது, அதற்கு ஏன் இத்துணை நேரமாகிறது என்னும் விளக்கமே தாய்மொழியில் வேண்டுவது. பெயர் இரவலாயினும் பொருள் விளங்கினாற் போதும்.

ஒரு குறையையும் மறைத்தல் தகாது. இணையப் பாடம் விசைகளைக் கற்பிக்கும். எவ்விடத்தில் வெட்டுவது என்பதைக் கற்பிப்பது அரிது. தன் படைப்பைப் பார்த்து, 'இங்கே ஒரு கணம் மிகை' என்று சொல்லும் மூத்தோர் ஒருவர் கற்போனுக்கு வேண்டும். தனித்துக் கற்பவன் இழப்பது பெரும்பாலும் அவரையே. ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ நான்கு இளைஞர் வாரத்துக்கொரு நாள் கூடி, ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துச் சொல்வாராயின் அக்குறை பாதி தீரும்.

தங்கவயலில் ஆழச் சுரங்கத்தின் கைத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்வழியே வந்தது. சுரங்கம் மூடியபின் அதனைக் கற்பிக்க இடமில்லாது போயிற்று. அங்குள்ளோர் பலர் இன்று நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவ்வீடுகளில் முதிய தொழிலாளர் இன்னும் இருக்கின்றனர். திரைப்படம் அக்குன்றுகளின்மேல் ஒரு கற்பனையைக் கட்டியது; அது அதன் உரிமை. கீழே இறங்கியவர்களின் நினைவைக் கேட்டுப் பதிந்து, அளவறிந்து வெட்டி, முறையாக ஒட்டித் தரும் பணி அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு உரியது. அதற்கான கருவி கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது; நினைவுடையோரோ ஆண்டுதோறும் குறைகின்றனர்.