கிராஸ் கன்ட்ரி ஓட்டமும் ஹென்றி ரோனோவின் கணக்கும்

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் உலக சாதனை என்று ஒன்று கிடையாது. நூறு மீட்டருக்கு உண்டு, மாரத்தானுக்கு உண்டு, நடைப் போட்டிக்குக்கூட உண்டு. இதற்கு மட்டும் இல்லை. காரணம் எளிது. ஓடுதளத்தில் ஒரு சுற்று என்றால் எந்த ஊரிலும் 400 மீட்டர்தான். கிராஸ் கன்ட்ரி பாதையோ ஓர் ஊரில் புல்தரை, இன்னோர் ஊரில் ஏற்ற இறக்கம், மற்றோர் ஊரில் கணுக்கால் வரை சேறு. மழை பெய்தால் அதே பாதையே அடுத்த நாள் வேறு பாதை. ஆகவே ஒரு வருடத்து நேரத்தையும் மறு வருடத்து நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. அன்றைக்கு, அந்த மண்ணில், யார் யாரை முந்தினார் என்பதுதான் கணக்கு.

முப்பது வருடங்களுக்கு மேல் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். பதிவேட்டில் ஏறினால்தான் ஒரு காரியம் நடந்ததாக அர்த்தம் என்று பழகிவிட்ட எனக்கு, பதிவேட்டுக்கு முழுதும் அடங்காத இந்த விளையாட்டு பிடித்துப்போனதே ஒரு வேடிக்கைதான்.

புதுச்சேரியில் என்னைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இது 'குரோஸ்'. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சொல்தா பெரியப்பா ஒருவர் இருந்தார். குரோஸ் என்றாலே அவருக்கு அலேன் மிமூன்தான். அல்ஜீரியாவில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1944இல் இத்தாலியின் மோன்ட்டே கஸ்ஸினோ சண்டையில் அடிபட்டுக் காலையே இழக்க இருந்தவர் மிமூன். சர்வதேச குரோஸ் போட்டியை நான்கு முறை வென்றார். ஆனால் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸாட்டோபெக்குக்குப் பின்னால் மூன்று முறை வெள்ளிதான். 1956இல் மெல்போர்ன் மாரத்தானில் கடைசியாகத் தங்கம் வாங்கினார். அன்று ஆறாவதாக வந்த ஸாட்டோபெக்குக்காக எல்லைக்கோட்டிலேயே காத்திருந்து கட்டித் தழுவிக்கொண்டார். "முன்னால் ஓட ஒருத்தன் இருந்தாத்தான்டா நமக்கும் கால் ஓடும்" என்பார் பெரியப்பா. அமெரிக்கக் கல்லூரிகளின் கிராஸ் கன்ட்ரி வரலாற்றைப் பிற்காலத்தில் தேடிப் படித்தபோது அந்தப் பேச்சு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

கல்லூரிகளுக்கு இடையே இந்த ஓட்டம் இங்கிலாந்தில் தொடங்கியது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1880 முதல் மோதி வருகின்றன. அமெரிக்காவில் தேசிய அளவிலான கல்லூரிப் போட்டி 1938இல் ஆரம்பமாயிற்று. முதலில் 4 மைல், 1965 முதல் 6 மைல், 1976 முதல் ஆண்களுக்கு 10,000 மீட்டர். புள்ளிக் கணக்கும் வேடிக்கையானது. ஒரு கல்லூரிக்கு ஏழு பேர் ஓடலாம். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைவான கூட்டுத்தொகை உள்ள கல்லூரிக்கு வெற்றி. முதல் ஐந்து இடங்களையும் ஒரே கல்லூரி பிடித்தால் 15. அதற்குக் கீழே போக முடியாது. 1981இல் எல் பாஸோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 17 புள்ளியில் ஜெயித்தது. நாட்டின் தலைசிறந்த கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஓடும் பந்தயத்தில் 17 என்றால், மற்றவர்களுக்கு அன்று என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புள்ளியைவிட ஆட்களின் போட்டிதான் சுவை. 1969இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவர் ஜெர்ரி லிண்ட்கிரென். ஒல்லியான உருவம். பள்ளி மாணவராக இருந்தபோதே, 1964இல் சோவியத் ஓட்டக்காரர்களை 10,000 மீட்டரில் தோற்கடித்துப் பெயர் வாங்கியவர். ஒரிகன் பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஸ்டீவ் ப்ரிஃபான்டேன். மேற்குக் கரைக் கல்லூரிகளின் போட்டியில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். வெற்றி லிண்ட்கிரெனுக்கு என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பின் நியூயார்க்கில் நடந்த தேசியப் போட்டியிலும் லிண்ட்கிரென் முதலிடம், பையன் மூன்றாமிடம். கல்லூரிக் காலத்தின் தேசிய கிராஸ் கன்ட்ரியில் ப்ரிஃபான்டேன் தோற்றது அந்த ஒரு முறைதான். 1970, 1971, 1973 மூன்றிலும் அவர்தான் முதல். 1973இல் இங்கிலாந்திலிருந்து வந்து கென்டக்கியில் படித்த நிக் ரோஸ் வெகுதூரம் முன்னே போய்விட்டார். கடைசிக் கட்டத்தில் துரத்திப் பிடித்து ஜெயித்தார் ப்ரிஃபான்டேன். அடுத்த வருடம் அந்தப் பட்டம் ரோஸுக்குக் கிடைத்தது. 1975 மே மாதத்தில் கார் விபத்தில் ப்ரிஃபான்டேன் இறந்தபோது அவருக்கு வயது 24.

இனி ரோனோ. கென்யாவின் நந்தி மலைப் பகுதிக்காரர். 1976 ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஓடியிருக்க வேண்டியவர். இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோடு நியூசிலாந்து ரக்பி ஆடியதைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. கென்யாவும் விலகியது. அதே வருடம் லிண்ட்கிரென் படித்த அதே வாஷிங்டன் ஸ்டேட்டில் ரோனோ சேர்ந்தார். நவம்பரில் டெக்சாஸின் டென்டன் நகரில் தேசிய கிராஸ் கன்ட்ரி. முந்தைய வருடத்து வெற்றியாளர் கிரெய்க் வெர்ஜினும் களத்தில் இருந்தார். சாதாரண ஆள் இல்லை அவர், 1980இல் பாரிஸில் உலக கிராஸ் கன்ட்ரியையே வென்றவர். ஆனால் ரோனோவை அன்று விரட்டியவர் வெர்ஜின் அல்ல. அதே பல்கலைக்கழகத்துச் சட்டை போட்ட இன்னொரு கென்யர், சாம்சன் கிமொம்ப்வா. ரோனோ 28 நிமிடம் 6.6 வினாடியில் முதலாவதாக வந்தார். பத்து வினாடி பின்னால் கிமொம்ப்வா.

ஒரே விடுதி, ஒரே பயிற்சியாளர், ஒரே நாடு. பந்தயம் மட்டும் தனித்தனி. 1977 ஜூனில் கிமொம்ப்வா ஹெல்சின்கியில் 10,000 மீட்டர் உலக சாதனையைப் படைத்தார், 27 நிமிடம் 30.5 வினாடி. ஒரு வருடம்கூட அது நிற்கவில்லை. முறியடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

1978ஆம் வருடத்தை ஓட்டக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஏப்ரல் 8இல் 5,000 மீட்டர், மே 13இல் 3,000 மீட்டர் தடை ஓட்டம், ஜூன் 11இல் 10,000 மீட்டர், ஜூன் 27இல் 3,000 மீட்டர். 81 நாட்களில் நான்கு உலக சாதனைகள். நான்கும் கல்லூரி மாணவராக இருந்தபோதே.

அதே வருடம் நவம்பரில் தேசிய கிராஸ் கன்ட்ரி நடந்தது. 1976, 1977 இரண்டு வருடமும் ஜெயித்தவர், கையில் நான்கு உலக சாதனை வைத்திருந்தவர், எத்தனையாவதாக வந்தார் தெரியுமா? 237ஆவது. வெற்றி ஒரிகனின் அல்பெர்ட்டோ சலசாருக்கு. உலக சாதனைக்காரர் என்பதால் மேடும் பள்ளமும் அவருக்கு ஒரு சலுகையும் தரவில்லை. அலுவலகத்தில் பழைய நற்சான்றிதழ்களைக் காட்டி இந்த வருடக் கோப்பை முடிக்க முடியாது, அது போலத்தான்.

1979இல் பென்சில்வேனியாவில் மறுபடி போட்டி. பட்டத்தைக் காக்க சலசார் வந்தார். ரோனோவும் வந்தார். ரோனோ முதல், சலசார் இரண்டு. நேரம் 28 நிமிடம் 19.6 வினாடி. டென்டனைவிடப் பதின்மூன்று வினாடி அதிகம். வெறும் எண்ணைப் பார்த்தால் சுமாராகத் தோன்றும். 237ஆவது இடத்திலிருந்து எழுந்து வந்து, நடப்பு வெற்றியாளரை நேருக்கு நேர் முந்தியது அந்த எண்ணில் எங்கே தெரியும்? என்னைக் கேட்டால் டென்டனைவிட இதுதான் பெரிய வெற்றி.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கையும் கென்யா புறக்கணித்தது. ஒலிம்பிக் ஓடுதளத்தில் ரோனோ ஒரு முறைகூடக் கால் வைக்கவில்லை. 1981இல் 5,000 மீட்டரில் தம் சாதனையைத் தாமே இன்னொரு முறை முறியடித்தார். பிறகு குடி அவரைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் விமான நிலையத்தில் பெட்டி தூக்குவது வரை கிடைத்த வேலைகளைச் செய்தார். வீடில்லாமல் விடுதிகளில் தங்கினார். அதிலிருந்து மீண்டு மாணவர்களுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார், தம் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். பல வருடம் கழித்து ஊர் திரும்பி, 2024 பிப்ரவரியில் நைரோபியில் காலமானார். வயது 72.

அவருடைய உலக சாதனைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அது இயற்கை, எழுதப்பட்ட எண் அழிக்கப்படுவதற்காகத்தான் இருக்கிறது. டென்டனில் ஓடிய 28 நிமிடம் 6.6 வினாடியை மட்டும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய கிராஸ் கன்ட்ரியில் 2024 வரை யாரும் தாண்டவில்லை. பாதைக்குப் பாதை ஒப்பிட முடியாத விளையாட்டில் இதைச் சாதனை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

எனக்கு அந்த எண்ணைவிட அதற்குக் கீழே உள்ள வரிகள் முக்கியம். 1976 பட்டியலில் ரோனோவின் பெயருக்குக் கீழே கிமொம்ப்வா இருக்கிறார். 1979 பட்டியலில் சலசார் இருக்கிறார். ஒலிம்பிக் மேடையில் அவரோடு யாரையும் நிறுத்திப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் யாரை முந்தினார் என்பதற்கு இந்தக் கல்லூரிப் பட்டியல்கள்தான் சாட்சி. ஒலிம்பிக் பதக்கம் இல்லாத ஒரு மனிதருக்கு அது சின்னச் சொத்து அல்ல.