பேறுகால உதவி: சட்டம் வகுத்த ஓய்வு 26 வாரம்; பெரும்பாலான தாய்மாருக்குக் கிடைக்கும் தொகை ரூ.5,000

புதுதில்லி: பிரசவத்துக்குப் பின் ஒரு தாய்க்கு ஆறு மாத கால ஓய்வு தேவை என்பதை இந்தியச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. அமைப்புசார் துறையில் பணிபுரியும் பெண்களுக்கு 26 வாரங்கள் முழு ஊதியத்துடன் விடுப்பு வழங்கப்படுவது அதன் வெளிப்பாடே. ஆனால், நாட்டின் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் பணிபுரிவது வயல்களிலும் கட்டுமானத் தளங்களிலும் பிறர் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும்தான். அவர்களுக்கு அரசு வழங்கும் பேறுகால உதவி ரூ.5,000. அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும். இரண்டாவது குழந்தைக்குக் கிடைக்க வேண்டுமெனில் அது பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டும்.

இவ்விரு உரிமைகளுக்கும் இடையிலான தொலைவே புதிதாகத் தாயான பெண்களின் குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. உரிய காலத்துக்கு முன்பே வேலைக்குத் திரும்பும் கட்டாயத்தையும் அது ஏற்படுத்துகிறது. சட்டத்தில் உள்ளவை எவை, யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, அத்தொகை எதற்குப் போதுமானது என்பவை குறித்த விவரம் வருமாறு:

ஊதியம் பெறும் பெண்களுக்கான உரிமை

இந்தியாவில் பேறுகால உதவிக்கான முதல் சட்டம் 1929-ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்தில் இயற்றப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் கொண்டுவரப்பட்டது. 12 வாரங்களாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு, 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ள பெண்களுக்கு இது 12 வாரங்கள் மட்டுமே. இந்த ஏற்பாடுகள், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இணைக்கப்பட்டுள்ளன.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட கடைகளும் நிறுவனங்களும் இதன் வரம்புக்குள் வருகின்றன. பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள்கள் அந்நிறுவனத்தில் பணிபுரிந்திருக்க வேண்டும். விடுப்புக் காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் சராசரி நாள் ஊதியம் வழங்கப்பட வேண்டும். பேறுகால மருத்துவ வசதியை நிறுவனம் இலவசமாக அளிக்காவிடில், கூடுதலாக ரூ.3,500 மருத்துவ உதவித்தொகையாக வழங்க வேண்டும். விடுப்பில் இருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம்.

தொகை வழங்கப்பட வேண்டிய காலத்தையும் சட்டம் வரையறுத்துள்ளது. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான ஊதியத்தைக் கர்ப்பத்துக்கான சான்று பெற்றவுடன் முன்கூட்டியே வழங்க வேண்டும். எஞ்சிய தொகையைக் குழந்தை பிறந்ததற்கான சான்றைச் சமர்ப்பித்த 48 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இஎஸ்ஐ) உள்ள பெண்களுக்கு இத்தொகையை நிறுவனத்துக்குப் பதிலாகக் காப்பீட்டுக் கழகமே வழங்குகிறது. இத்திட்டத்துக்கான ஊதிய வரம்பு 2017 ஜனவரியில் மாதம் ரூ.21,000-ஆக உயர்த்தப்பட்டது. தகுதி பெறுவதற்கு, முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் ரூ.15,000 ஊதியம் பெறும் பெண்ணுக்கு 26 வாரங்களில் ஏறத்தாழ ரூ.90,000 கிடைக்கும்.

நீதிமன்றங்கள் விரிவாக்கிய எல்லை

இந்த உரிமையின் எல்லையை உச்ச நீதிமன்றம் பலமுறை விரிவாக்கியுள்ளது. தமிழகத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு 12 வார விடுப்பில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாள்களுக்கு மட்டும் ஊதியம் கணக்கிடப்பட்டது. கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய அவ்வழக்கில், வாரம் என்பது ஏழு நாள்களையும் உள்ளடக்கியது என்றும், எனவே 84 நாள்களுக்கும் ஊதியம் வழங்க வேண்டும் என்றும் 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண் தொழிலாளர்கள் தொடர்ந்த வழக்கில், நிரந்தரப் பணியாளர்களைப் போலவே அவர்களுக்கும் பேறுகால உரிமை உண்டு என 2000-ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிவடைந்தாலும் பேறுகாலப் பயன்களை மறுக்க இயலாது என்பது 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளின் ஓர் அங்கம் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

எனினும், இத்தீர்ப்புகள் அனைத்தும் ஒரு வேலையளிப்பவரைச் சுட்டிக்காட்டக்கூடிய பெண்களுக்கே துணைநிற்கின்றன. இன்று ஒருவரின் நிலத்தில் நாற்று நட்டு, நாளை வேறொருவரின் நிலத்தில் களையெடுக்கும் பெண், 80 நாள் பணிக்கான சான்றை யாரிடம் பெறுவது என்ற வினாவுக்கு அவற்றில் விடையில்லை.

ஆறாயிரம் ஐயாயிரமான வரலாறு

அமைப்புசாராப் பெண்களுக்கான தேசிய அளவிலான முயற்சிகளில் ஒன்று, 2010-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி மாத்ருத்வ சஹயோக் திட்டமாகும். அதன்படி ரூ.4,000 வழங்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சட்டப்பூர்வ உரிமையாக மாற்றியது. அரசுப் பணியிலுள்ளோர், வேறு சட்டங்களின்கீழ் இதே பயனைப் பெறுவோர் நீங்கலாக, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ரூ.6,000-க்குக் குறையாத பேறுகால உதவி வழங்கப்பட வேண்டும் என அச்சட்டத்தின் 4-ஆவது பிரிவு கூறுகிறது. எத்தனையாவது குழந்தை என்ற வரம்பு ஏதும் அப்பிரிவில் இல்லை.

இதைச் செயல்படுத்தும் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் 2017 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஆனால், தொகை ரூ.5,000-ஆகவும், பயன் முதல் குழந்தைக்கு மட்டும் என்றும் வரையறுக்கப்பட்டது. மருத்துவமனைப் பிரசவத்துக்கு வழங்கப்படும் ஜனனி சுரக்ஷா உதவியையும் சேர்த்தால் சராசரியாக ரூ.6,000 ஆகிறது என்பது அரசின் விளக்கம். இந்த உதவி மாநிலத்துக்கேற்ப வேறுபடுகிறது. மருத்துவமனைப் பிரசவம் குறைவாக உள்ள மாநிலங்களின் கிராமப்புறங்களில் அது ரூ.1,400, ஏனைய மாநிலங்களின் கிராமப்புறங்களில் ரூ.700.

திருத்தப்பட்ட திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி முதல் குழந்தைக்கான ரூ.5,000 இரு தவணைகளில் வழங்கப்படுகிறது. கர்ப்பத்தைப் பதிவுசெய்து, ஆறு மாதங்களுக்குள் ஒரு முறையேனும் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டால் ரூ.3,000 கிடைக்கும். குழந்தையின் பிறப்பைப் பதிவுசெய்து, 14-ஆவது வாரம் வரையிலான தடுப்பூசிகளைச் செலுத்திய பின் ரூ.2,000 கிடைக்கும். இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ரூ.6,000 ஒரே தவணையில் வழங்கப்படும். செலவை மத்திய அரசும் மாநில அரசுகளும் பொதுவாக 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன.

பதினேழு நாள் கூலி

நாளொன்றுக்கு ரூ.300 கூலி பெறும் பெண்ணுக்கு ரூ.5,000 என்பது ஏறத்தாழ 17 நாள்களின் வருமானம். வாரத்துக்கு ஆறு நாள்கள் வேலை எனக் கணக்கிட்டால், 26 வாரங்களில் அவர் இழக்கும் கூலி ரூ.46,800. அரசின் உதவி அந்த இழப்பில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது.

பிரசவச் செலவு இதனினும் தனி. அரசு மருத்துவமனைகளில் பிரசவம் இலவசம் என்றபோதிலும், போக்குவரத்து, மருந்து, பரிசோதனை போன்றவற்றுக்குக் குடும்பங்கள் கைப்பணத்தைச் செலவிடுகின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அரசு மருத்துவமனையில் ஒரு பிரசவத்துக்குச் சராசரியாக ரூ.2,916 சொந்தப் பணம் செலவாகிறது. உதவித்தொகையிலிருந்து இதைக் கழித்தால் எஞ்சுவது ரூ.2,084, அதாவது ஏழு நாள் கூலி. தனியார் மருத்துவமனைகளில் நடைபெறும் பிரசவங்களில் 47.4 சதவீதம் அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்கின்றன என்றும் அதே ஆய்வு தெரிவிக்கிறது. அத்தகைய செலவுக்கு இந்தத் தொகை எவ்வகையிலும் ஈடாகாது.

பொருளாதார அறிஞர்கள் ஜீன் டிரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2019-இல் ஆறு வட மற்றும் கிழக்கிந்திய மாநிலங்களின் கிராமங்களில் கர்ப்பிணிகளிடமும் பாலூட்டும் தாய்மாரிடமும் ஆய்வு நடத்தினர். பிரசவச் செலவுக்காக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடும்பங்கள் கடன் வாங்கியதையோ உடைமைகளை விற்றதையோ அது பதிவுசெய்தது.

தொகை நிர்ணயிக்கப்பட்ட காலமும் கவனத்துக்குரியது. 2013-இல் ரூ.6,000-க்கு இருந்த வாங்கும் திறனைப் பெற, நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி இன்று ரூ.10,000 அளவுக்குத் தேவைப்படும். விலைவாசிக்கேற்பத் தொகையை உயர்த்தும் ஏற்பாடு சட்டத்திலும் இல்லை, திட்டத்திலும் இல்லை.

பணம் வந்துசேரும் நேரமும் இன்னொரு சிக்கல். இரண்டாம் தவணைக்குக் குழந்தை 14 வாரத் தடுப்பூசியைப் பெற்றிருக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே புகட்ட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் கழிந்த பிறகே இரண்டாம் தவணைக்கான தகுதி ஏற்படுகிறது. அதற்குள் பல பெண்கள் குழந்தையை மூதாட்டிகளிடமோ மூத்த பிள்ளைகளிடமோ ஒப்படைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர்.

மாநிலங்களின் கூடுதல் உதவி

சில மாநிலங்கள் சொந்த நிதியில் இந்த இடைவெளியைக் குறைத்துள்ளன. தமிழகத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் ரூ.300 உதவியுடன் தொடங்கியது. 2006-இல் ரூ.6,000, 2011-இல் ரூ.12,000, 2018-இல் ரூ.18,000 எனத் தொகை படிப்படியாக உயர்ந்தது. இதில் ரூ.14,000 ரொக்கமாகவும், ரூ.4,000 மதிப்பிலான ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வழங்கப்படுகிறது. மத்தியத் திட்டத்தின் தொகை இதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒடிசா, 2011 முதல் மமதா திட்டத்தைச் செயல்படுத்தி வருகிறது. தெலங்கானா 2017-இல் ஆண் குழந்தைக்கு ரூ.12,000, பெண் குழந்தைக்கு ரூ.13,000 வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இதனால், ஒரே வேலையைச் செய்யும் இரு பெண்களுக்குக் கிடைக்கும் உதவி, அவர்கள் வாழும் மாநிலத்தைப் பொறுத்துப் பன்மடங்கு வேறுபடுகிறது.

சுமை யாருடையது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை, குறைந்தது 14 வார விடுப்பையும், முந்தைய வருமானத்தில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாத உதவியையும் வலியுறுத்துகிறது. இத்தொகை சமூகக் காப்பீடு அல்லது பொதுநிதியிலிருந்து வழங்கப்பட வேண்டும் என்பது அதன் நெறி. இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை.

விடுப்புக் காலத்தைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் அந்த அளவுகோலை விஞ்சி நிற்கிறது. ஆனால், இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே உள்ள பெண்களுக்கு 26 வார ஊதியம் முழுவதையும் வேலையளிப்பவரே ஏற்க வேண்டியுள்ளது. இதன் காரணமாகச் சிறு நிறுவனங்கள் இளம் பெண்களைப் பணியமர்த்தத் தயங்குவதாக விமர்சனம் உள்ளது. ஒரு பகுதி ஊதியத்தை அரசு திருப்பியளிக்கும் திட்டம் பரிசீலனையில் இருப்பதாக 2018-இல் தொழிலாளர் அமைச்சகம் தெரிவித்திருந்தது.

புதிய தொகுப்புச் சட்டம், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் செயலிவழிப் பணியாளர்களுக்கும் மகப்பேறு நலத் திட்டங்களை வகுக்க அரசுக்கு வழிவகை செய்கிறது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை இதற்கான நிதிக்குப் பங்களிக்க வேண்டும். ஆயினும், எவ்வளவு தொகை, எத்தனை வாரங்கள் என்பவற்றைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. அவை திட்டங்கள் வகுக்கப்படும்போதே முடிவாகும்.

விண்ணப்பிக்கும் முறை

பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினப் பெண்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான குடும்ப அட்டை அல்லது இ-ஷ்ரம் அட்டை வைத்திருப்போர், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் கொண்டோர், ஆண்டுக் குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குக் குறைவாக உள்ளோர் ஆகியோர் மாத்ரு வந்தனா திட்டத்தில் பயன்பெறத் தகுதியுடையவர்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள், உதவியாளர்கள், ஆஷா பணியாளர்களும் இதில் அடங்குவர்.

அங்கன்வாடிப் பணியாளர் அல்லது ஆஷா பணியாளர் மூலமோ, திட்டத்தின் இணையதளம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். ஆதார் இணைக்கப்பட்ட வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு தாயின் பெயரில் இருப்பது அவசியம். தொகை அக்கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படும். தாய்-சேய் நலப் பாதுகாப்பு அட்டையில் கர்ப்பப் பதிவும் பரிசோதனை விவரங்களும் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். முதல் தவணைக்கான பரிசோதனைக்குக் காலவரம்பு உள்ளதால், பிரசவத்துக்காகத் தாய்வீடு செல்பவர்களும், வேலைக்காக வேறு மாநிலத்துக்குப் புலம்பெயர்பவர்களும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பதிவுசெய்துகொள்வது நல்லது.