வைகை மணலில் ரோமானியச் செப்புக்காசுகள்

மதுரையில் வைகை மணலிலும் கரூரில் அமராவதி மணலிலும் ரோமானியரின் சிறு செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடரின் மறுபுறம், வருசநாட்டில் பிறக்கும் ஆறுதான் வைகை. அது கடல் சேரும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் இவ்வகைக் காசுகள் வெளிப்பட்டன.

இவற்றில் பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கி.பி. 294 அளவில் பேரரசர் டயோக்ளீஷியன் நாணய முறையைத் திருத்தி, சுமார் 10 கிராம் எடையில் ஒரு செப்புக்காசை வெளியிட்டார். விலைவாசி ஏற ஏற அது தேய்ந்துகொண்டே வந்தது. நூறாண்டு கழித்து, பேரரசர் ஆர்க்கேடியஸ் காலத்தில், சுண்டுவிரல் நகத்தளவே உள்ள, ஒரு கிராமை ஒட்டிய காசுகள் புழங்கின. ஒரு பக்கம் முத்துப் பட்டம் கட்டிய பேரரசர் தலை; மறுபக்கம் சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை; அதன் காலடியில் அக்கசாலையைக் குறிக்கும் எழுத்துகள்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. பொன் இங்கே காசாக அல்ல, எடைக்கு மதிக்கப்படும் உலோகமாகவே கருதப்பட்டது என்பதற்கு அது சான்று. செப்புக்காசுகளின் கதை வேறு. பல காசுகள் முகம் தெரியாத அளவுக்குத் தேய்ந்துள்ளன. கைமாறிக் கைமாறிச் சில்லறையாகவே புழங்கியிருக்க வேண்டும். அன்றைய கடைவீதியை அறிய, பொன்னைவிட இவையே நல்ல சாட்சி.

மதுரையில் ரோமானியர் குடியிருப்பு இருந்ததென்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. காசுகளை மட்டும் வைத்து அப்படிச் சொல்வது மிகை. இலங்கையில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. எழுத்துகள் வெறும் கோடுகளாகிப்போன உள்நாட்டுப் போலிகளும் அங்கே மிகுதி. அயல்நாட்டுச் சில்லறைக்கு உள்ளூரில் அவ்வளவு தேவை இருந்திருக்கிறது. பாக் நீரிணையின் இருகரை வணிகத்தோடு சேர்த்தே வைகைக் காசுகளையும் பார்க்க வேண்டும்.

கரூர், மதுரைக் காசுகளை ஆராய்ந்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூல் வெளியிட்டார். ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகளில், எந்த மண்ணடுக்கில் எவற்றோடு கிடந்தன என்ற செய்தி அழிந்துவிடுகிறது. அந்த வகையில் அழகன்குளத்துச் சில காசுகள், ஆற்றில் அள்ளிய ஒரு மூட்டைக் காசுகளைவிட மதிப்புள்ளவை.