இரண்டு எழுத்துக்கு ஸ்தல புராணம்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைபேசியில் 'எல்.ஓ.எல்.' என்றும் 'ஓ.எம்.ஜி.' என்றும் எழுதித் தள்ளுவதைப் பார்த்து, பாஷை குட்டிச்சுவராகிறது என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். 2011-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டபோது, கூடவே ஒரு வேடிக்கையையும் எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் கண்ட வரையில் 'ஓ.எம்.ஜி.'யை முதலில் எழுதியவர் எந்தக் கல்லூரிப் பெண்ணும் அல்ல. எழுபத்தாறு வயதான பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஃபிஷர் பிரபு. 1917-ல் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது!

அது போகட்டும். கவலைப்படுகிற பெரியவரே ஒரு நாளைக்கு இருபது தடவை 'ஓ.கே.' என்கிறாரே, அது எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் கோயிலுக்குக் கோயில் ஸ்தல புராணம் இருப்பதுபோல, இந்த இரண்டு எழுத்துக்கும் புராணங்கள் ஏராளம். அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் சொல் என்பது ஒன்று. ஜனாதிபதி வில்ஸனே இதை நம்பி, அந்த உச்சரிப்புக்கு ஏற்றபடி எழுதி வந்தார். 'எல்லாம் நலம்' என்று பொருள்படும் கிரேக்கத் தொடர் என்பது இன்னொன்று. ஹெயிட்டித் தீவின் துறைமுகம் ஒன்றின் பெயர் என்பாரும் உண்டு. அங்கிருந்து வந்த சாராயம் உயர்ந்த சரக்காம்.

உண்மை இவ்வளவு அழகானதல்ல. 1838, 39-ல் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. எதையும் முதலெழுத்தாகச் சுருக்குவது. அதையும் எழுத்துக்கூட்டத் தெரியாதவன் எழுதுகிற மாதிரி வேண்டுமென்றே தப்பாகச் சுருக்குவது. 'ஆல் ரைட்' என்பது 'ஓ.டபிள்யூ.' ஆயிற்று. கடனுக்குப் பயந்து டெக்ஸாஸுக்கு ஓடிப் போனவனைப் பற்றி 'ஜி.டி.' என்றால் போதும். 1839 மார்ச் 23-ந் தேதி 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் ஒரு கேலிக் குறிப்பின் நடுவே 'ஓ.கே.' வந்தது. 'ஆல் கரெக்ட்' என்று பக்கத்திலேயே பொருளும் போட்டிருந்தார்கள். 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'ஓ', 'சி' இருக்கவேண்டிய இடத்தில் 'கே'. 'எல்லாம் சரி' என்பதில் இரண்டு எழுத்துமே தப்பு, அவ்வளவுதான் ஹாஸ்யம்.

கூடப் பிறந்த சுருக்கங்களெல்லாம் சில வருஷங்களில் மாண்டுபோக, இது மட்டும் பிழைத்ததற்குக் காரணம் தேர்தல். 1840-ல் ஜனாதிபதி வான் பியூரன் மறுபடி போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற செல்லப் பெயரின் முதலெழுத்துகளும் அவையே என்பதால், நியூயார்க்கில் அவருடைய ஆட்கள் 'ஓ.கே.' சங்கம் என்றே வைத்துவிட்டார்கள். எதிரிகள் சும்மா இருப்பார்களா? கஜானா காலி என்பதற்கு 'அவுட் ஆஃப் காஷ்' என்றார்கள். 'காஷு'க்கும் 'கே' போட்டுக்கொண்டார்கள். வான் பியூரன் தோற்றார்; எழுத்துகள் தங்கிவிட்டன. பின்னால் தந்தி வந்தது. செய்தி கிடைத்தது என்று சொல்ல அந்த ஊழியர்களுக்கு இதைவிடக் கச்சிதமான பதில் வேறு என்ன வேண்டும்?

அந்தத் தேர்தலில் இன்னொரு காரியமும் நடந்தது. வான் பியூரனை வளர்த்துவிட்டவர் முந்தைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன். அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, காகிதங்களில் 'ஓ.கே.' என்று எழுதியவரே அவர்தான் என்று நியூயார்க் பத்திரிகை ஒன்று கட்டிவிட்டது. கேலிக்காகக் கட்டிய கதை வெகுகாலம் சரித்திரமாக உலாவிற்று. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். நல்ல கதை ஒன்று பொய்யென்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் இதைத் தோண்டிப் பார்த்தவரை நான் கைகூப்பி வணங்குகிறேன். கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைகளை ஏடு ஏடாகப் புரட்டி, 1941-ல் ஒரு கட்டுரையும், 1963, 64-ல் தொடர்ந்து பல கட்டுரைகளும் எழுதினார். பாஸ்டன் குறிப்பும் தேர்தல் சங்கமும் புராணங்களின் பூர்வோத்தரமும் அவரால்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

ஜாக்ஸன் புராணத்துக்கு ஒரு சாசனமும் இருந்தது. என் மனத்தை விட்டுப் போகாதது அதுதான். 1859-ல் புட்னம் என்ற சரித்திரக்காரர், டென்னஸியில் சம்னர் கவுண்டி நீதிமன்றத்து 1790-ஆம் வருஷப் பதிவு ஒன்றை வெளியிட்டார். வக்கீலாக இருந்த ஜாக்ஸன் அங்கே ஒரு விற்பனைப் பத்திரத்தை நிரூபிக்கிறார், கடைசியில் 'ஓ.கே.' என்றிருக்கிறது! ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஆனந்தப்பட்டார்கள். மூலத்தைப் பார்த்தவர்கள், அது 'கே' அல்ல, 'ஆர்'; 'பதிவு செய்ய உத்தரவு' என்பதன் சுருக்கம் என்று சொன்னார்கள். பிறகு அந்த ஒற்றை எழுத்தின் காலும் வளைவும் ஆராயப்பட்டன.

விற்கப்பட்டது நிலமா, மாடா? ஹியூ மக்கேரி என்பவர் காஸ்பர் மான்ஸ்கர் என்பவருக்கு விற்றது ஒரு கறுப்பு மனிதனை. விற்றவர் பெயர் அந்த வரியில் இருக்கிறது. வாங்கியவர் பெயர் இருக்கிறது. நிரூபித்த வக்கீல் பெயர் இருக்கிறது. விலைபோனவனைப் பற்றி 'ஒரு நீக்ரோ ஆள்' என்று மட்டும் எழுதி, அதற்குப் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்துகளைப் போட்டிருக்கிறார் குமாஸ்தா.